டிரம்முக்குள் ஒரு சரிவு

அத்தியாயம் 7

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? ஜூலை வந்துவிட்டது, மழை விட்டபாடில்லை. சளி, இருமல், முட்டிவலி ஏதும் இல்லையே? தலைவலி இருந்தால் முதலில் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டு வந்து உட்காருங்கள். இந்த அத்தியாயமே தைலத்தைப் பற்றியதுதான். நம் வேதநாயகிக்கும் அன்று காலையிலிருந்து மண்டையிடி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வேதநாயகி புனே, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வானவடியில் ஒரு லாண்டரிக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறாள். கீழே இஸ்திரி போடுகிற சூடு மேலே வரும், வழக்குகள்தான் வருவதில்லை. உதவியாளன் ஜெபகுமாருக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா ஆகுர்டியில் ஸ்கூட்டர் ஃபேக்டரித் தொழிலாளி. பிறந்ததும் வளர்ந்ததும் புனேயில் என்றாலும் அவன் நாக்கு இன்னும் திருநெல்வேலியில்தான் குடியிருக்கிறது. கெமிஸ்ட்ரி பரீட்சையில் இரண்டு முறை தோற்றவன்.

அன்று வேதநாயகி நெற்றியில் மூன்றாவது தடவையாகத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நனைந்த புர்காவோடு மும்தாஜ் மாடியேறி வந்தாள். ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு அப்துல் காதர். ஹடப்சர்ல தைலக் கம்பெனி ஸ்டோர் இன்சார்ஜ். திருடிட்டாருன்னு சொல்றாங்க. சாயங்காலம் சங்கு ஊதறதுக்குள்ள ஒத்துக்கலைன்னா போலீஸ் சௌக்கிக்குப் போவாராம் முதலாளி."

"எதைத் திருடினாராம்?"

"மென்தாலு. புதினாலேர்ந்து எடுக்கற உப்பு மாதிரி இருக்குமே, அது. நல்லதை எடுத்து வித்துட்டு டிரம்முல போலியை ரொப்பி வெச்சிட்டாராம். கம்பெனி மெஷினு தொண்ணூத்தொம்பது சதவீதம் சுத்தம்னு சர்டிபிகேட் குடுத்தும் துபாய்க்குப் போன தைலமெல்லாம் திரும்பி வந்துடுச்சு." மும்தாஜின் குரல் அங்கேதான் உடைந்தது. "நேத்து பேக்கிங் பொம்பளைங்க அத்தனை பேர் எதிர்ல அவரு டிபன் டப்பாவைத் திறந்து கொட்டிப் பாத்தாங்க அக்கா. ராத்திரி அவரு சாப்பிடல. அந்த டப்பாவையும் அங்கயே போட்டுட்டு வந்துட்டாரு."

வேதநாயகி தைல பாட்டிலை மூடி கைப்பையில் போட்டாள். எழுந்திருக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. போன மாதம்தான் இந்த ஆபீஸை மூடிவிடலாம் என்று தீர்மானித்திருந்தாள். மூடுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா?

"ஜெபா, வண்டிய எடு."

"மழை பெய்யுதே மேடம்."

"பெய்யட்டும். உன் மேல பட்டா மழைக்குத்தான் நஷ்டம்."

மும்தாஜை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பாத்திமா நகர் சிக்னலில் எல்லா வண்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக நின்றன.

"போலின்னா என்ன மேடம்? உப்பா, சீனியா?" என்று கேட்டான் ஜெபகுமார்.

"அதுவும் மென்தால்தான்."

"அப்புறம் எப்படி அது போலி? எனக்கு மண்டை காயுது."

"அந்த பஸ் ஸ்டாப்ப பாரு. பத்துப் பேர் நேரா வரிசையா நிக்கறாங்க. அதே பத்துப் பேர், ரெண்டு பேர் மட்டும் பக்கத்துல கிளை பிரிஞ்சு நின்னா? ஆளு அதே ஆளு, நிக்கற விதம் வேற. அது ஒரு வகை. வரிசை அப்படியே இருந்து, குடை வெச்சிருக்கறவன் மட்டும் முன்னாலேர்ந்து நடுவுக்கு வந்தா அது ரெண்டாவது வகை."

"குடையைக் கிழிச்சி துணி தனி, கம்பி தனியா ஆக்கிட்டா?"

"ஆளு மாறலை, வேலை மாறிடுச்சு. அது மூணாவது. ஒரே கணக்கு அணுக்கள் ஒரு மாதிரி சேர்ந்தா சாராயம், இன்னொரு மாதிரி சேர்ந்தா ஸ்ப்ரே டப்பாவுல அடைக்கற வாயு."

"முதல் மாதிரியே நல்லா இருக்கு மேடம். ஏன் மாத்துதாங்க?"

"ரோட்ட பாத்து ஓட்டு. நாலாவது, ஒருத்தன் தோள்ல ரெண்டு பையும் ஒரே பக்கம் தொங்கறது, இல்லைன்னா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. இந்த நாலுல எதைப் போட்டு ஏமாத்தினாலும் கம்பெனியில இருக்கற மெஷின் கண்டுபிடிச்சிடும். கொதிக்கற சூடு மாறும், மெஷின் குழாய்க்குள்ள ஓடற வேகம் மாறும். ஆனா அந்தக் கம்பெனி மெஷின் தொண்ணூத்தொன்பது சதவீதம் சுத்தமான மென்தால்னு சர்டிபிகேட் குடுத்திருக்குன்னு மும்தாஜ் சொன்னாங்க இல்ல? அப்ப மிச்சம் இருக்கறது ஒரே ஒரு வகைதான். கண்ணாடி பிம்பம். எல்லாம் அச்சா அதேதான், ஆனா இடது வலதாயிடும்."

ஜெபகுமாரின் கண் பக்கத்தில் போன சைக்கிள்காரன் கால்மேல் போனது.

"சைக்கிள் பெடல் மாதிரியா மேடம்? ரெண்டு பெடலும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். இடது பெடலுக்கு மரை எதிர்த் திசையில வெட்டியிருக்கும். வலது பக்கம் போட்டு முறுக்கினா என்ன செஞ்சாலும் ஏறாது. எங்கப்பா சின்ன வயசுல என் தலையில தட்டித் தட்டிச் சொல்லிக் குடுத்தது."

"உங்கப்பாவையே கெமிஸ்ட்ரிக்கும் அனுப்பியிருக்கலாம். அதேதான். புதினாவிலேர்ந்து வர்றது எல்லாம் இடது பெடல். நம்ம தோல்ல அதுதான் சரியா ஏறும், குளிரும். ஃபேக்டரியில மலிவா பண்றதுல இடதும் வலதும் பாதிப்பாதி. எடை போட்டா ஒண்ணு, எண்ணிப் பாத்தா ஒண்ணு."

தைலக் கம்பெனி முதலாளி கோகுல்நாத் கோயமுத்தூர்க்காரர். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. பக்கத்தில் நின்ற ஒல்லியான இளைஞன் நிர்மல், அவர் மனைவியின் தம்பி. சரக்குக் கொள்முதல் அவன் பொறுப்பு. காதர் ஸ்டோர் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாவிக்கொத்து மடியில் இருந்தது. மும்தாஜ் போய்ப் பக்கத்தில் நின்றதும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாருங்க, நல்லா பாருங்க" என்றார் கோகுல்நாத். "எனக்கொண்ணும் ஒளிக்கறதுக்கு இல்லீங்க. ஜனவரியில வந்த சரக்கு. மே மாசம் முடிய வானவடியில எங்க பழைய குடோன்ல இருந்துச்சு. அதோட சாவி என் இடுப்புல. சம்சாரத்துகிட்டகூட குடுத்ததில்லீங்க. ஜூன்ல மழை பிடிச்சதும் இங்க கொண்டாந்தோம். அன்னையிலேர்ந்து சாவி இந்த மனுசன்கிட்ட. என்கிட்ட இருந்தப்ப தங்கம், இவர்கிட்ட போனதும் தகரம். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"சார், அல்லா மேல..." என்று காதர் ஆரம்பித்தார்.

"அல்லாவ ஏனுங்க இதுல இழுக்கறீங்க? அவரா ஸ்டோர் இன்சார்ஜ்?"

நிர்மல் மட்டும் சிரித்தான். அதுவும் அரைச் சிரிப்பு.

வேதநாயகி நெற்றியை அழுத்திக்கொண்டாள். "ஜனவரிச் சரக்குல ஒரு டிரம், அதுக்கு முந்தின சரக்குல ஒரு டிரம். ரெண்டையும் இங்க கொண்டு வரச் சொல்லுங்க. ஒரு உயரமான கண்ணாடிக் குடுவை, கொஞ்சம் வெந்நீர். அப்புறம் உங்க மேஜை மேல இருக்கற கால்குலேட்டர்."

"கணக்குப் போடப் போறீங்களா?"

"இல்ல. ஜெபா, உன் கூலிங் கிளாஸைக் கழட்டு."

"மேடம், இது எம்.ஜி. ரோட்ல வாங்கினது. வெயில்ல கண்ணு கூசாதுன்னு சொல்லித்தான் குடுத்தான்."

"அவன் உண்மை சொன்னானான்னு இப்ப தெரிஞ்சிடும்."

கறுப்புக் கண்ணாடியைக் கால்குலேட்டருக்கு மேலே பிடித்து மெல்லத் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் இருந்த எண் திரை ஒரு கோணத்தில் கன்னங்கரேலென்று ஆனது. ஜெபகுமார் பெருமூச்சு விட்டான். நல்ல கண்ணாடிதான்.

"இந்தத் திரையிலேர்ந்து வர்ற வெளிச்சம் ஒரே வரிசையில வரும். இந்தக் கண்ணாடி ஒரு வரிசையைத்தான் உள்ள விடும். குறுக்க பிடிச்சா இருட்டு. நடுவுல இடது மட்டும் இருக்கற ஒரே கைச் சரக்கு நின்னா, அது வெளிச்சத்தைத் திருப்பி விட்டுடும், இருட்டு விலகிடும். ரெண்டு கையும் சரிபாதி இருந்தா, இது திருப்பினதை அது திருப்பி வெச்சிடும். இருட்டு இருட்டாவே கிடக்கும்."

பழைய சரக்கு டிரம்மைக் காதர் திறந்தார். உள்ளே கண்ணாடி ஊசிகளாக உதிரி உதிரியாகப் படிகங்கள். ஒரு கரண்டி அள்ளிக் குடுவையில் போட்டு வெந்நீரில் வைத்ததும் தண்ணீராக உருகியது. குடுவை நிறையும்வரை அள்ளிப் போட்டார்கள். ஸ்டோர் முழுக்க நெடி ஏறியது. எல்லோர் கண்ணிலும் நீர் கொட்டியது. இரண்டு பேரைத் தவிர யாருக்கும் துக்கமில்லை.

குடுவையைக் கால்குலேட்டர் மேல் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி வழியே மேலிருந்து பார்த்தாள். இருண்டிருந்த திரை பளிச்சென்று விடிந்தது.

"இது நல்லது. அடுத்தது?"

ஜனவரி டிரம்மின் மூடி திறந்தது. கரண்டி இறங்கவில்லை. டங்கென்று இடித்தது. முழு டிரம்மும் ஒரே கட்டி.

"வெல்ல அச்சு மாதிரில்லா இருக்கு" என்றான் ஜெபகுமார்.

காதர் உளியால் ஓரத்தை உடைத்துக் கொடுத்தார். உருக்கிப் பார்த்தார்கள். திரை இருண்டது இருண்டபடியே கிடந்தது.

"பாத்தீங்களா?" கோகுல்நாத் கையைத் தட்டினார். "துபாய்க்காரன் சொன்னதுதான். போலி. இதைத்தானுங்க நானும் சொன்னேன். உங்களுக்கு ஒரு கும்பிடு. நிர்மல், சௌக்கிக்கு போன் போடு."

மும்தாஜ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்களே!"

வேதநாயகி டிரம்முக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உள்ளே விட்டாள். ஒரு பக்கம் விளிம்பிலிருந்து கட்டிவரை நாலு விரல். எதிர்ப்பக்கம் இரண்டே விரல். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக, ஆனால் ஒருக்களித்துப் படுத்த மாதிரி இருந்தது.

"ஜெபா, கை விட்டுப் பாரு."

விட்டான். "சரிஞ்சிருக்கு மேடம். தட்டுல சாம்பார் ஒரு பக்கமா ஒதுங்கின மாதிரி."

வேதநாயகி கைப்பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து ஸ்டோர் தரையில் படுக்க வைத்தாள். உருண்டை பாட்டில். அது அசையாமல் கிடந்தது. வேறு இடத்தில் வைத்தாள். அங்கேயும் அப்படியே.

"என்னங்க பண்றீங்க?"

"தலைவலிக்கு வைத்தியம். உங்க பழைய குடோனைப் பாக்கணும்."

"அங்க ஒண்ணுமே இல்லீங்களே. காலியா கிடக்குது."

"காலியாத்தான் வேணும். சங்கு ஊத இன்னும் நேரமிருக்கு. எல்லாரும் வாங்க. காதர் பாய், நீங்களும்."

கோகுல்நாத்தின் காரில் ஆறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு வானவடிக்கே திரும்பினார்கள். லாண்டரியைத் தாண்டி மூன்றாவது சந்து.

"காலையிலயே நடந்து வந்திருக்கலாம்" என்று முனகினான் ஜெபகுமார். "பெட்ரோலும் மிச்சம், சட்டையும் மிச்சம்."

கல்சுவர் வைத்த பழைய கட்டடம். கதவில் கோகுல்நாத் தன் இடுப்புச் சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே ஈர வாசனை. கம்பெனி வாங்குவதற்கு முன்னால் அங்கே பால் பண்ணை நடந்ததாம். கேன்களைக் கழுவி ஊற்றுகிற தண்ணீர் தேங்காமல் ஓட, நடுச் சாக்கடையைப் பார்த்துத் தரையைச் சரித்துப் போட்டிருந்தார்கள்.

வேதநாயகி சுவரோரம் குனிந்தாள். முட்டி சத்தம் போட்டது. தைல பாட்டிலைப் படுக்க வைத்துக் கையை எடுத்தாள்.

பாட்டில் கடகடவென்று உருண்டு சாக்கடையில் போய் விழுந்தது.

எல்லோரும் சாக்கடையை எட்டிப் பார்த்தார்கள்.

"ஜனவரி டிரம் எங்க நின்னுச்சு, காதர் பாய்?"

"இந்தச் செவுத்தோரம்தாம்மா. நாந்தான் ஜூன்ல வந்து வண்டியில ஏத்தினேன்."

"பழைய சரக்கு?"

"அதுவும் பக்கத்துலயே. ஒட்டினாப்பல."

வேதநாயகி கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். உட்கார இடமிருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

"ஒரே கைச் சரக்கு, அதாவது நல்ல புதினா மென்தால் உருகணும்னா நாப்பத்திரண்டு டிகிரி வேணும். பாதிப்பாதிச் சரக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறுலயே இளகிடும். படிகத்துல இடது இடதா அடுக்கினா கெட்டியா உட்காரும். இடதும் வலதும் கலந்து அடுக்கினா பிடிமானம் குறைச்சல். போன மே மாசம் வெயில் எப்படி இருந்துச்சு?"

"மண்டை பிளந்துச்சு மேடம்" என்றான் ஜெபகுமார்.

"ஆனா இது கல்சுவர். உள்ள நாப்பத்திரண்டு வரலை. வந்திருந்தா பழைய சரக்கும் உருகிக் கட்டியாகியிருக்கும். அது இன்னும் உதிரி ஊசியா இருக்கு. பக்கத்துல நின்ன ஜனவரிச் சரக்கு மட்டும் உருகி, அப்புறம் குளிர்ந்து உறைஞ்சிருக்கு. தண்ணி எப்பவும் மட்டமாத்தானே நிக்கும்? டிரம் சரிவுல நின்னதால, டிரம்முக்கு அது சாய்வா உறைஞ்சு போச்சு. ஹடப்சர் ஸ்டோர்ல தரை மட்டம். அங்க உருகியிருந்தா மேல்பக்கம் நேரா இருக்கும். ஜூன் மழையில அது உருகவும் உருகாது."

கோகுல்நாத் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அதனால?"

"அதனால, அந்த டிரம்முல இருந்தது மே மாசமே போலிதான். இங்க இருக்கும்போதே. இந்தச் சாவி யார் இடுப்புல இருந்துச்சுன்னு நீங்கதான் எங்களுக்குச் சொன்னீங்க. சம்சாரத்துகிட்டகூட குடுக்கலைன்னீங்க."

காதர் முதல் தடவையாக நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். கோபமாக அல்ல. பஸ் வராத ஸ்டாப்பில் நெடுநேரம் நின்றவர் பார்க்கிற மாதிரி.

கோகுல்நாத் சட்டென்று திரும்பினார். "நிர்மல்! என்னடா இது? எவன்கிட்டடா வாங்கினே? என்னை ஏமாத்திட்டியா?"

நிர்மலுக்கு முகம் வெளுத்தது. அரைச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மாமா, என்னைச் சொல்றீங்களா? மலிவா ஒண்ணு வருதுங்க, ஆனா செயற்கைங்கன்னு நான் சொன்னேனா இல்லீங்களா? 'ஃபார்முலா ஒண்ணுதானடா, மெஷினே ஒண்ணுன்னு சொல்லுது, துபாய்க்காரன் என்ன மூக்கால கண்டுபிடிப்பானா, வாங்கிப் போடு'ன்னு சொன்னது யாருங்க? பழியைக் காதர் பாய் மேல போட்டதுக்கே எனக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கலை. இப்ப என் மேலயா? அக்காகிட்ட போயி நானே சொல்லிடறனுங்க."

கடைசி வாக்கியத்துக்குத்தான் கோகுல்நாத் பயந்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒரே ஃபார்முலான்னுதானுங்க நெனச்சேன்" என்றார் வேதநாயகியிடம். "நிசமா. ஏமாத்தணும்னு இல்லீங்க. ஆர்டர் போச்சுன்னா கம்பெனி போச்சு. யாராவது ஒருத்தர் மேல பழி சொன்னா துபாய்க்காரன் மன்னிச்சு விட்டுடுவான்னு..."

"யாராவது ஒருத்தரா?" என்றாள் மும்தாஜ்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "காதர் பாய், நடந்தது நடந்துபோச்சு. கம்ப்ளைன்ட் இல்லை. ஒண்ணுமில்லை. நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க. சம்பளம்கூட கொஞ்சம் பாத்துப் போட்டுத் தர்றேன்."

காதர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சம்பளம் வேணாம் சார். டிபன் டப்பாவை எங்க வெச்சுத் திறந்தீங்களோ, அங்க வந்து சொல்லுங்க. அதே பொம்பளைங்க எதிர்ல."

"அது வந்துங்க, அவங்க முன்னால போயி..."

"சங்கு ஊதிட்டா எல்லாம் போயிடுவாங்க சார்."

எல்லோரும் அதே காரில் ஹடப்சருக்குத் திரும்பினார்கள்.

பேக்கிங் பிரிவில் பெண்கள் அட்டைப் பெட்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மராத்தி பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், இரண்டையும் கலந்து பேசுகிறவர்கள். முதலாளி உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. கோகுல்நாத் மேஜையோரம் நின்று தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்தபடி இந்தியில் ஏதோ சொன்னார். "காதர் பாய்" என்ற இரண்டு வார்த்தையும் "கல்தி", அதாவது தப்பு, என்ற ஒரு வார்த்தையும்தான் முன்வரிசைக்கே கேட்டது. யார் செய்த தப்பு என்பது அவர் வாயை விட்டு வரவில்லை.

மும்தாஜ் கதவருகே நின்றிருந்தாள். குடை இன்னும் அவள் கையில்தான்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்" என்றாள்.

கோகுல்நாத் நிமிர்ந்தார். வேறு வழியில்லை. இந்த முறை கடைசி மேஜைவரை கேட்டது. காதர் திருடவில்லை. தப்பு என்னுடையது. யாரோ ஒரு கிழவி "அரே தேவா" என்றாள். இன்னொருத்தி, காதரின் டிபன் டப்பாவை நேற்று தரையிலிருந்து பொறுக்கிக் கழுவி வைத்திருந்தவள், அதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் சங்கு ஊதியது.

காதர் டப்பாவை வாங்கிக்கொண்டார். சாவிக்கொத்தை மேஜைமேல், சத்தமே வராமல் வைத்தார். மும்தாஜோடு வெளியே நடந்தார். இரண்டு பேருக்கும் ஒரு குடை.

"நாளைக்கு வருவாரா மேடம்?" என்றான் ஜெபகுமார்.

"தெரியல. முதல்ல இன்னிக்கு ராத்திரி சாப்பிடட்டும்."

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் வழக்கம்போல் கைப்பைக்குள் தைலத்தைத் தேடினாள். அதுதான் சாக்கடையில் போய்விட்டதே.

"என்ன தைலம் மேடம் அது? காலையிலேர்ந்து தேச்சும் உங்களுக்கு விட்ட மாதிரி தெரியலியே?"

"போன வாரம் லாண்டரிக்குப் பக்கத்துக் கடையில வாங்கினேன். இவங்க கம்பெனிதான்."

ஜெபகுமார் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். வேதநாயகியும் அவனைப் பார்த்தாள்.

"பாதிதான் ஏறியிருக்கு" என்றான். "மிச்சம் பாதி தப்பான பெடலு."

வேதநாயகிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் சிரித்தாள். "வழியில ஒரு டீ வாங்கிக் குடு. ஆபீஸை மூடறதா இருந்தேன், அதை அப்புறம் பாத்துக்கலாம்."

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்; எனக்கும் கை வலிக்கிறது. உங்கள் வீட்டில், ஆபீஸில், பார்க்க ஒன்றுபோல இருந்து ஆளைக் கவிழ்த்த சமாச்சாரம் ஏதாவது நடந்திருக்கிறதா? செய்யாத தப்புக்கு யார் மேலாவது பழி விழுந்து, அது எப்படித் தெளிந்தது? நாலு வரி போதும், எழுதுங்கள். எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துக்கொள்வேன். காதர் அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்க வேண்டுமா, வேண்டாமா? அதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் இடத்தில் அவர் நின்றிருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவர் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால்?